பெரியவர் நகர்ந்த வாரம்

கூரையைப் பிரித்துப் போட்ட கட்டடத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் வானம் எவ்வளவு பெரிசு என்று தெரியும். எனக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நான் விதைக் கிடங்கு பார்த்துக்கொள்கிறவள். என் தலைக்கு மேலே ஓடு இருக்க வேண்டும், ஓட்டுக்குக் கீழே மூட்டை இருக்க வேண்டும், மூட்டைக்குள் விதை கலகலவென்று காய்ந்து கிடக்க வேண்டும். சுற்று வட்டாரம் முழுக்க அடுத்த விதைப்புக்கு என் வாசலில்தான் வந்து நிற்கும். ஊரில் சிறுசு பெருசு எல்லாருக்கும் நான் கிடங்கக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பேனோ என்னவோ.

அப்பேர்ப்பட்ட கிடங்கின் இரண்டு சரிவையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார் மேஸ்திரி.

மேஸ்திரி எங்களுக்குப் பக்கத்து வீடு. ஓடு மாற்றுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மனுசன் தெருவில் நடந்ததைவிடக் கூரை மேல் நடந்ததுதான் அதிகம் என்று அவர் மனைவியே சொல்லுவார். அந்த அண்ணியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் தெருவில் யாரும் இல்லை, மேஸ்திரியையும் சேர்த்து. ஒரே மகன். ஏணி எட்டாத இடத்துக்கும் கை எட்டும் என்பதால் நெட்டையன். அந்த நெட்டையன் கட்டிக்கொண்டு வந்த பெண்தான் வானிலை. பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, ஊர் வைத்த பெயர் இது. குன்றின் மேலிருக்கிற வானிலை ஆபீசில் அவளுக்கு வேலை. காலையில் ரேடியோவில் வெயில் எவ்வளவு, மழை உண்டா இல்லையா என்று சொல்கிற குரல் அவளுடையது. மற்ற மாமனார்கள் மருமகள் கொண்டுவந்த நகையைப் பற்றிப் பேசுவார்கள். மேஸ்திரி வானத்தைப் பற்றிப் பேசுவார், என்னவோ அதையும் அவள் சீதனமாகக் கொண்டுவந்த மாதிரி.

ஓட்டு வேலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு கொளுத்துகிற கோடையானாலும் ஒரு சரிவைத்தான் பிரிப்பார்கள். அதை மூடிவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பார்கள். மேஸ்திரியின் அப்பாவும் அப்படித்தான் செய்தார், அவர் அப்பாவும் அப்படித்தான். அதனால்தான் நான் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்னண்ணே இது? ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலயா?"

"ஓட்டைத் தாங்குற கைமரம் பூரா கரையான் தின்னிருக்கு தங்கச்சி. ஒரு பக்கம் புது மரம், ஒரு பக்கம் பழசுன்னு வெச்சா முகடு கோணிக்கும். ரெண்டையும் பிரிச்சு, ஒரே மட்டத்துல மரம் ஏத்தி ஓடு போட்டா இன்னும் ரெண்டு தலைமுறைக்கு இந்தப் பக்கம் நான் வரவே வேண்டாம்."

"மழை வந்தா?"

"வராது."

"ஏன், மழை உங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சா?"

"மழை சொல்லல. என் மருமக சொன்னா. பெரியவர் மாசக் கடைசி வரைக்கும் நகர மாட்டாரு. ஒரு விதைகூட நனையாது, இது என் வாக்கு."

"யாரு அந்தப் பெரியவரு?"

மேஸ்திரி பீடிப் புகையை மேலே ஊதினார். "அதோ, அங்க உக்காந்திருக்காரு பாரு. கண்ணுக்குத் தெரிய மாட்டாரு."

மனுசனுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்து வானிலையிடமே கேட்டேன். அவள் வேலை விட்டு வந்து, காலை நீட்டிப் போட்டு, வெள்ளரிக்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, காத்துக்கு எடை இருக்குல்ல?"

"இருக்கட்டும்."

"இப்ப நம்ம தலைக்கு மேல வழக்கத்தைவிட அதிகமாக் காத்து சேர்ந்து உக்காந்திருக்கு. நம்ம ஊர் மேல மட்டும் இல்ல. கடல் பாதி, தரை பாதி, அவ்வளவு அகலம். அது மேலருந்து மெல்லமா இறங்குது. இறங்க இறங்க அழுந்துது, அழுந்த அழுந்தச் சூடாகுது. சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடுதுல்ல, அந்த மாதிரி."

"அதனாலதான் இப்படிக் கொளுத்துதா?"

"அதனாலயும்தான். மேகம் உண்டாகணும்னா காத்து மேல ஏறணும். இங்க இறங்குற காத்து அதை ஏற விட மாட்டேங்குது. மேகம் இல்லன்னா வெயில் நேரா தரைக்கு வருது, தரை காயுது, காஞ்ச தரை இன்னும் சுடுது. ஒண்ணு இன்னொண்ணைத் தூக்கிவிடுது."

அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "புரியலயா? இந்த வீட்டுல உங்க அண்ணன் நடுக்கூடத்துல வந்து உக்காந்தா எப்படி இருக்கும்? ஒருத்தராவது எந்திரிச்சு நடமாட முடியுமா? வெக்கையா இருக்கும்ல? அதேதான். அதனாலதான் நான் பெரியவர்னு பேர் வெச்சேன்."

"ஏன், நான் என்ன பண்ணேன்?" என்றார் மேஸ்திரி.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். உக்காந்தாலே போதும்."

வானிலை சிரித்து அடங்கிவிட்டுச் சொன்னாள். "ஆனா அவரைச் சுத்தி ஓரத்துல காத்து ஓடிக்கிட்டே இருக்குக்கா. அந்த ஓரம் எந்த ஊர் மேல இருக்கோ, அந்த ஊருக்குக் கடல் ஈரத்தை அள்ளிக்கிட்டு வந்து கொட்டும். நமக்கு வர வேண்டிய கோடை மழை எங்கயும் போகல. அவர் ஓரத்துல இருக்குற ஊர்ல வெள்ளமாப் போகுது. அவர் கொஞ்சம் தள்ளி உக்காந்தா இங்க வரும்."

"தள்ளி உக்கார மாட்டாரே?"

வானிலை வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "மாட்டாரு, மாட்டாரு. மாசக் கடைசி வரைக்கும் அசைய மாட்டாரு. நான்தான் சொல்றேன்ல." அவள் மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த துண்டு வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டாள்.

எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. மூட்டைகளை வேறிடம் மாற்றலாமா என்று யோசித்ததோடு சரி. ஊரில் அவ்வளவு பெரிய ஓட்டுக் கட்டடம் வேறு இல்லை. மற்றதெல்லாம் தகரக் கொட்டகை, அந்த வெயிலில் தகரத்துக்கு அடியில் வைத்தால் விதை வெந்துபோகும். தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாலும் உள்ளே புழுங்கி வீணாகும். ஆகவே பகலில் மூட்டைகள் மேல் ஓலைத் தட்டியைப் பரப்பி நிழல் கொடுத்துவிட்டு, பெரியவரை நம்பி உட்கார்ந்தேன்.

வேலை நடந்தது. கிடங்கின் முன்னால் இறக்கிய ஓடுகளில் நல்லதை ஒரு பக்கமும் விரிசல் விட்டதை ஒரு பக்கமும் அடுக்கினார்கள். விரலால் சுண்டிப் பார்த்தே நெட்டையன் சொல்லிவிடுவான். நல்ல ஓடு கணீரென்னும், விரிசல் ஓடு தொண்டை கட்டினவன் மாதிரி சத்தம் போடும். புதுக் கைமரங்களை மேலே ஏற்றி, முகட்டோடு பொருத்தி, ஓடு உட்காரக் குறுக்கே ரீப்பர் கட்டை அடித்துக்கொண்டே போனார்கள். மேஸ்திரி முகட்டில் கால் இரண்டையும் இரண்டு பக்கம் போட்டு உட்கார்ந்து, நூல் கட்டி மட்டம் பார்ப்பார். பத்து மணிக்கு மேல் ஆணியைக் கையில் தொட முடியாது. ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஆணிகளை அதில் போட்டு வைத்து எடுத்து எடுத்து அடித்தார்கள்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். கீழே என் மேசை மேல் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். நடுவில் வானிலையின் குரல் வரும். உச்சி வெயிலில் யாரும் வெளி வேலை செய்யாதீர்கள், நிழலில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று. "கேட்டியா, எவ்வளவு தெளிவா சொல்றா!" என்று மேஸ்திரி உச்சி வெயிலில் முகட்டில் உட்கார்ந்தபடி பெருமைப்படுவார். நான் கீழேயிருந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

வேலையாட்களில் பாட்டுக்காரன் என்று ஒருவன். வாய் மூடவே மாட்டான். எந்தப் பாட்டானாலும் சொந்தமாக வார்த்தை மாற்றி, மேஸ்திரியைக் கிண்டல் பண்ணி, என்னைக் கிண்டல் பண்ணிப் பாடுவான். அன்றைக்கும் பின் சரிவில் ரீப்பர் அடித்துக்கொண்டே பாடினான். தலையும் இல்லை வாலும் இல்லை, வார்த்தை எங்கெங்கோ போயிற்று. நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். "இன்னைக்கு என்னடா புதுப் பாஷை?" என்று கேட்கவும் செய்தேன். நெட்டையன் தற்செயலாக அவன் தோளில் கை வைத்தவன், "அப்பா, இவனுக்கு வேர்க்கவே இல்லப்பா" என்று கத்தினான். தோல் காய்ந்து அடுப்புக் கல்லாகச் சுட்டது. அவன் பாடவில்லை, பிதற்றியிருக்கிறான்.

இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். கிணற்றடியில் கிடத்தி வாளி வாளியாக ஊற்றினோம். அண்ணி ஈரத் துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறினார். வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரெண்டு நாள் கழித்துத்தான் பெண்டாட்டியை அடையாளம் சொன்னான். பிழைத்துக்கொண்டான், ஆனால் கிணற்றடியில் அவன் கண் மேலே செருகியிருந்ததைப் பார்த்தேனே, இன்றைக்கும் அது எனக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் வானிலை மாமனாரிடம் சண்டை போட்டாள். மருமகள் சண்டை போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேஸ்திரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிம்மா. இனிமே பதினோரு மணிக்கு இறங்கிடுறோம். நாலு மணிக்கு மேல ஏறுறோம். பெரியவர்தான் நகர மாட்டாரே, நமக்கு என்ன அவசரம்?" என்றார். அதே மாதிரி செய்தார்கள். நடுப்பகலில் கிடங்கு ஓரத்து மரத்தடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். அண்ணி பானையில் கஞ்சியும், உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிக்காதவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவார். வேலை மெதுவாகத்தான் போயிற்று. போகட்டுமே, மாசம் கிடக்கிறது என்று இருந்தோம்.

ரீப்பர் எல்லாம் அடித்து முடித்து, முன் சரிவில் ஓடு ஏற்றத் தொடங்கிய மறுநாள், நடுப்பகலில் வானிலை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தாள். அந்த நேரத்தில் அவள் ஆபீசை விட்டு வருகிறவள் இல்லை. முகம் செக்கச் செவேலென்று இருந்தது. நேரே என் மேசைக்கு வந்து, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, நகருறாரு."

"யாரு?" என்று கேட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

"நேத்து வரைக்கும் அசையல. ராத்திரியிலருந்து மேற்கால ஒதுங்குறாரு. அவரோட ஓரம் நம்ம மேல வருது. நாளை ராத்திரி, இல்லன்னா மறுநாள் விடியக்காலைல மழை. சாதாரணமா இல்லக்கா. கொட்டும்."

நான் அண்ணாந்து பார்த்தேன். "அடிப்பாவி! வானம் இப்படி வெள்ளையாக் காயுது, மழைங்கறியே!"

"அவர் கிளம்புறப்பதான் அதிகமாச் சுடும். நாளைக்குத்தான் இந்தக் கோடையிலயே மோசமான பகல். அதையும் ரேடியோவுல சொல்லிட்டுத்தான் வரேன்."

"அப்ப மாமாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லு. ஏறச் சொல்லு. இன்னைக்கும் நாளைக்கும் விடாம ஏத்துனா ரெண்டு சரிவும் முடிஞ்சிடும்."

அவள் நகரவில்லை. "விடாமன்னா நடுப்பகல்லயும்தான. பாட்டுக்காரனைக் கிணத்தடில போட்டது மறந்துபோச்சா? நாளைய வெயில் அன்னைக்கு அடிச்சதைவிட அதிகம். மாமாவுக்கு அறுபதாகுது. என் வீட்டுக்காரரும் அதே கூரை மேலதான் நிப்பாரு. நான் மழைன்னு சொன்னா ரெண்டு பேரும் ஏறிடுவாங்க. சொல்லாம விட்டா விதை போயிடும். என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

உள்ளதைச் சொல்லுகிறேன். என் மனசு ஏறட்டும் என்றுதான் சொன்னது. அத்தனை ஊர் விதைப்பு என் தலை மேல். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மனசு அதைத்தான் சொன்னது. மூட்டைகள் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"ரெண்டையும் சொல்லிடுறேன். மறைக்கறது என் வேலை இல்ல" என்று மரத்தடிக்கு நடந்தாள்.

மேஸ்திரி பாயில் எழுந்து உட்கார்ந்து கேட்டார். நாளை வெயில், அதன் பிறகு மழை என்று முழுசாகச் சொன்னாள். கடைசியில், "நகர மாட்டாருன்னு நான் சொன்னது தப்பாப் போச்சு மாமா" என்றாள். மேஸ்திரி அவளை ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போனவர், சொல்லாமல் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"எந்திரிங்கடா" என்றார் ஆட்களைப் பார்த்து.

நெட்டையன் எழுந்தான். வானிலை இரண்டு பேருக்கும் முன்னால் போய் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டு வேலைக்காரர்களின் ஏணியில் யாரும் உட்காரக் கூடாது. அவர்களுக்கு அது ஆகவே ஆகாது. அண்ணி இத்தனை வருசத்தில் அந்த ஏணியில் ஒரு துணியைக்கூடக் காயப் போட்டதில்லை.

"எந்திரிம்மா" என்றார் மேஸ்திரி.

"நாலு மணிக்கு எந்திரிக்கிறேன் மாமா."

"அம்மா, விளையாட்டு இல்ல இது. ஏணில உக்காராத."

"நானும் விளையாடல. வேணும்னா என் மேல கால் வெச்சு ஏறுங்க."

"ஏண்டா, உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லுடா" என்று மகனைப் பார்த்தார்.

நெட்டையன் அப்பாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "எனக்கு ரெண்டு பேருமே சொல்றது சரியாத்தான்பா படுது" என்றான்.

"நல்லாப் படும்டா உனக்கு!" என்றார் அண்ணி, கஞ்சிப் பானையை இறக்கி வைத்துக்கொண்டே. "அவ சொல்றதைக் கேளுங்க. தாலி கட்டுன நான் சொல்லிக் கேக்காதவரு, அவ சொல்லித்தான கேப்பீங்க. இப்பவும் கேளுங்க."

மேஸ்திரி தலைத்துண்டை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். "கேக்கலாம்டி. ஆனா வாக்குக் கொடுத்தது யாரு? ரெண்டு சரிவையும் பிரிச்சுட்டு, தங்கச்சி, ஒரு விதைகூட நனையாதுன்னு சொன்னது நான். எங்க அப்பன் பண்ணாத வேலையைப் பண்ணேன். இப்ப நிழல்ல படுத்துக்கிட்டு மழையை வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா? நாளைக்கு மேட்டு நிலத்துல சோளம் போடுற அந்த மேட்டுக்காட்டுக்காரன் வந்து விதை எங்கன்னு கேட்டா, வெயிலா இருந்துச்சுன்னு சொல்லவா?"

வானிலை ஏணியில் உட்கார்ந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஏணியை அவளால் நாலு மணி வரைக்கும்தான் மறிக்க முடியும். நாளைய நடுப்பகலை அவளால் மறிக்க முடியாது. மேஸ்திரியை வாக்கிலிருந்து விடுவிக்கிற வாய் அங்கே என்னுடையது ஒன்றுதான்.

கோபமாக வந்தது. அவள் மேல், அவர் மேல், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெரியவர் மேல், எல்லார் மேலும். "அண்ணே, முன் சரிவு மட்டும் மூடுங்க" என்று கத்தினேன். "வெயில் தாழ்ந்ததும் ஏறுங்க, நாளைக்கு விடியறதுக்கு முன்னால ஏறுங்க, மறுபடி சாயங்காலம் ஏறுங்க. அது போதும். மூட்டையெல்லாம் முன் பக்கம் அடுக்கிக்கிறேன். கொள்ளாதது பின்னாடி கிடக்கட்டும்."

"பின்னாடி கிடந்தா நனையுமே தங்கச்சி."

"நனையட்டும்! என் விதை, நான் சொல்றேன், நனையட்டும். உங்களைக் கிணத்தடில போட்டுத் தண்ணி ஊத்த எனக்குத் தெம்பு இல்ல. வாக்கு வாக்குன்னு என் உசிரை வாங்காதீங்க. வாக்கை நான் திருப்பிக் கொடுத்தாச்சு. போய்ப் படுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். எதைப் பின்பக்கம் நனைய விடுவது என்று நான்தானே பொறுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் எந்த ஊர், யார் நிலத்தில் விளைந்தது என்று எனக்குத் தெரியும். மேட்டுக்காட்டுச் சோளத்தை விட்டேன். அதுதான் கடைசியாக விதைக்கிறது, மறுபடி தேடிப் பிடிக்க நாள் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்கு வானிலை எழுந்தாள். மேஸ்திரி ஏணியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார். அவள் ஆபீசுக்குத் திரும்பிப் போகாமல் புடவையைச் செருகிக்கொண்டு ஓடு கைமாற்றுகிற வரிசையில் நின்றாள். தெருவே வந்தது. மறுநாள் விடிவதற்கு முன்பும் வந்தது. அன்றைய நடுப்பகலை நான் எப்படிச் சொல்ல? காக்கை குருவி சத்தம்கூட இல்லை. கிணற்றுக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. மேஸ்திரி மரத்தடிப் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் முன் சரிவின் கடைசி வரிசை ஓடு ஏறி, முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசினபோது, காற்று திரும்பிவிட்டது. அத்தனை நாளாக நெருப்பாக வந்த காற்றில் ஈர வாடை. அண்ணி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

விடியக்காலையில் கொட்டியது. அப்படி ஒரு மழையை நான் அண்மையில் பார்த்ததில்லை. முன் சரிவு ஒரு சொட்டு விடவில்லை. பின் பக்கம் தொட்டியில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி பிடித்தது. நடுவில் மண் அணை போட்டு, தண்ணீரைப் பின்வாசல் வழியாகத் தள்ளினோம். சோள மூட்டைகளின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் மேலிருந்து காப்பாற்றியது, ஆனால் தரையிலிருந்து ஏறின ஈரத்தை அது என்ன செய்யும்? விடிந்து பார்த்தபோது மூட்டைகள் ஊறிக் கனத்திருந்தன.

மழை விட்டதும் மேட்டுக்காட்டுக்காரர் வந்துவிட்டார், கூடவே அவர் பக்கத்து ஆட்களும். எல்லார் காலிலும் சேறு. மேட்டுக்காட்டுக்காரர் பேச்சுக் குறைந்த மனுசர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். விதை உப்பியிருந்தது.

"எங்களுதுதான் நனைஞ்சுதா?"

"ஆமாண்ணே. நான்தான் விட்டேன்" என்றேன். "மேஸ்திரி மேல தப்பு இல்ல."

"காய வெக்க முடியாது. நாளைக்கே முளை விட்டுடும்."

"தெரியும்."

அவர் வெளியே போய்க் கம்பால் மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டு வந்தார். கம்பு ஒரு சாண் இறங்கியிருந்தது. "ஈரம் நல்லா இறங்கியிருக்கு. இன்னைக்கே விதைச்சா இந்த விதையே முளைக்கும், ஊற வெக்கிற வேலையும் மிச்சம். ஆனா அடுத்த மழை வரணும். வராம மறுபடி அந்த வெயில் அடிச்சா முளைச்சது அத்தனையும் கருகிடும். அப்புறம் எங்களுக்கு விதையும் இல்ல, விளைச்சலும் இல்ல."

அந்த நேரத்தில்தான் வானிலை வந்து சைக்கிளை நிறுத்தினாள். காலை ரேடியோ முடித்துவிட்டு நேரே வருகிறாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அம்மா, பெரியவர் திரும்பி வந்து உக்காருவாரா?" என்று கேட்டார் மேட்டுக்காட்டுக்காரர். ஊர் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டிருந்தது.

அவள் யோசித்துத்தான் பேசினாள். "வர மாட்டாருன்னுதான் நினைக்கிறேன். மேற்கால நல்லா ஒதுங்கிட்டாரு, ஓரம் நம்ம மேல இருக்கு. இந்த வாரத்துக்குள்ள இன்னொரு மழை வரும். பத்துக்கு ஏழு சொல்லுவேன். மூணு என் கையில இல்ல."

பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். "போன தடவையும் இப்படித்தான். மாசக் கடைசி வரைக்கும் நகரவே மாட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னாங்க. நம்பித்தான கூரையைப் பிரிச்சாங்க."

வானிலை தலையை நிமிர்த்தினாள். பின் சரிவில் ஓடு ஏற்ற ஏணியில் பாதி ஏறியிருந்த மேஸ்திரி, ஏறினபடியே நின்றார். நின்றவர் இறங்கி வந்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

"போன தடவையும் அவ ஏழுன்னுதான்யா சொன்னா" என்றார். "பத்துன்னு சொன்னவன் நான்."

அவர் மருமகளைப் பார்க்காமல், மேட்டுக்காட்டுக்காரரை மட்டும் பார்த்துச் சொன்னார். "வீட்டுல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு, பத்துக்கு ஏழு மாமா, ஒரு பக்கம் மட்டும் பிரிங்க மாமான்னு அவ சொன்னா. நான் வெளிய வந்து, என் மருமக சொல்லிட்டா, நகரவே மாட்டாருன்னு பீத்திக்கிட்டேன். அன்னைக்கும் அவ என்னை விட்டுக் கொடுக்கல. மரத்தடியில எல்லார் முன்னாடியும் தப்பு என்னுதுன்னா. அப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல. இப்பச் சொல்லிட்டேன். நீங்க ஏழை ஏழா எடுத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க."

வானிலை சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. அண்ணி போய் அவள் தோளில் கை வைத்தார். எனக்கு மேஸ்திரியின் மேலிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மேட்டுக்காட்டுக்காரர் கையிலிருந்த விதையை மறுபடி உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூட்டையைத் தூக்கி விடு கிடங்கக்கா" என்றார். "மேட்டுக்காட்டுல பத்துக்கு ஏழெல்லாம் எங்க அப்பன் காலத்துலகூட எங்களுக்குக் கெடைச்சதில்ல."